சத்தம் போடாத கார்

என் மனைவிக்குக் காது கூர்மை. இயந்திரத்தைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆயில் எங்கே ஊற்றுவது, தண்ணீர் எங்கே ஊற்றுவது என்பதைக்கூடக் கடைசிவரை மாற்றித்தான் சொல்வாள். ஆனால் எங்கள் பழைய காரில் எந்த மூலையில் எது ஆட ஆரம்பித்தாலும் முதலில் அவளுக்குத்தான் கேட்கும். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நேரே சாலையைப் பார்த்தபடி வருவாள். திடீரென்று கழுத்தை லேசாகச் சாய்ப்பாள். நான் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவேன்.

"என்னங்க, சத்தம் வருது."

"ஒண்ணும் வரல."

"வருதுலா. பின்னாடி, இடது பக்கம். அந்த ரேடியோவ மூடுங்க."

மூடினால் எனக்கும் கேட்கும். கேட்டாலும் கேட்கவில்லை என்றுதான் சொல்வேன். ஓட்டுகிறவனுக்கு அந்த அளவு கௌரவமாவது வேண்டாமா? அடுத்த சனிக்கிழமை ஜெலுத்தோங்கில் எங்கள் பட்டறைக்காரர் பின் சக்கரத்தைக் கழற்றுவார். இடது பக்கம்தான், ஏதாவது ஒரு ரப்பர் தேய்ந்துபோயிருக்கும். அவள் பட்டறையில் கொடுத்த கோப்பியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருப்பாள். அந்த ஊதலே என்னைக் குத்திக்காட்டும்.

பழைய கார்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என் வயது ஆண்களுக்கு ஒரு பக்தி வந்துவிடுகிறது. அப்போது இரும்பு இரும்பாக இருந்தது, இப்போது எல்லாம் தகரம் என்பார்கள். நான் அந்தக் கோஷ்டி இல்லை. எங்கள் கார் கல்யாணமான புதிதில் வாங்கியது, எங்கள் மகளைவிட அதற்கு வயது அதிகம். மழை பெய்தால் காலடியில் ஒழுகும். தீவிலிருந்து அக்கரைக்குப் போகும் பாலத்து நெரிசலில் கொஞ்ச நேரம் நின்றால் சூட்டு முள் சிவப்புக் கோட்டைப் பார்க்கக் கிளம்பிவிடும். குளிர்சாதனம் தனக்கு மனம் வந்தால் வேலை செய்யும். பின் கதவு ஒன்றை வெளியிலிருந்து மட்டும்தான் திறக்க முடியும். அதனால் பள்ளிக்கூட வாசலில் என் மனைவி இறங்கிப் போய் மகளுக்குக் கதவைத் திறந்துவிடுவாள். பார்க்கிறவர்கள் யாரோ பெரிய இடத்துப் பிள்ளை என்று நினைத்திருப்பார்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கெட்டால் சரிசெய்யலாம். ஒருமுறை டுரியான் காலத்தில் பாலிக் பூலாவ் மலைச்சாலையில் ரேடியேட்டர் குழாய் வெடித்து, முன்பக்கம் முழுக்க ஆவி. நான் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தேன். அவள் என்னைத் திட்டிக்கொண்டே நடந்து போய், வளைவில் இருந்த டுரியான் கடையிலிருந்து ஒரு வாளித் தண்ணீரும் ஒரு சைக்கிள் டியூப் துண்டும் வாங்கிவந்தாள். கடைக்காரர்தான் கொடுத்தனுப்பினார். டியூபைக் குழாயில் சுற்றிக் கம்பியால் இறுக்கினேன். எஞ்சின் ஆறும்வரை கடையில் உட்கார்ந்து பழம் சாப்பிட்டோம். சண்டை போட்டுக்கொண்டேதான் சாப்பிட்டோம். போன வாரமே சத்தம் வந்தது என்று அவள், அது வேறு சத்தம் என்று நான். மகள் நடுவில் உட்கார்ந்து எங்கள் பங்கையும் சேர்த்துத் தின்றுகொண்டிருந்தாள். சாயங்காலம் அந்த டியூபோடு வீடு வந்து சேர்ந்தோம்.

அந்த மகள் பெரியவளாகி, மெல்பர்னில் வேலைக்குப் போய், அங்கேயே கல்யாணமும் ஆகி, பிள்ளை உண்டானாள். என் மனைவி பிரசவம் பார்க்கக் கிளம்பினாள்.

"மூணு மாசம்தானே," என்றாள். "கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடுவேன். ஐஸ்பெட்டியில எல்லாம் பேரு எழுதி வச்சிருக்கேன், எடுத்து சூடு பண்ணிக்குங்க."

நான் அப்போதுதான் துறைமுகத்தில் சரக்குப் பிரிவு அலுவலக வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். ஓய்வு பெற்றால் இருவரும் காரை எடுத்துக்கொண்டு தைப்பிங், ஈப்போ என்று சுற்றலாம் என்று பேசி வைத்திருந்தோம். குழந்தை பிறந்தது. மூன்று மாதம் ஆனது. மகள் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. குழந்தையை யாரிடமோ விடுவதற்கு என் மனைவிக்கு மனம் இல்லை. விசாவை நீட்டினார்கள். யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை. அப்படியே போய்விட்டது. நானும் ஒருமுறை போய் ஒரு மாதம் இருந்து பார்த்தேன். எல்லோருக்கும் அங்கே வேலை இருந்தது, எனக்கு ஜன்னல்தான் இருந்தது. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக்கொண்டு திரும்பிவந்தேன்.

கெலுகோர் அடுக்குமாடி வீட்டில் நான் தனியாக இருந்தேன். தனிமையைப் பற்றி நிறையப் பேர் அழகாக எழுதுகிறார்கள். எனக்கு அதில் ஓர் அழகும் தெரியவில்லை. குழம்பு வைத்தால் இரண்டு நாளைக்கு அதே குழம்பு. தொலைக்காட்சியில் ஏதாவது வேடிக்கை வந்தால் சிரிப்பு பாதியில் நின்றுவிடும், பக்கத்தில் ஆள் இல்லாமல் எப்படி முழுதாகச் சிரிப்பது? கீழ்வீட்டு மாணவர்கள் தேர்வு முடிந்தால் ஊருக்குப் போய்விடுவார்கள். அந்த வாரங்களில் லிஃப்டில் நான் மட்டும் ஏறி இறங்குவேன்.

தினமும் சாயங்காலம் அவள் அழைப்பாள். முதல் கேள்வி சாப்பிட்டீங்களா என்று இருக்காது.

"காடி ஓடுச்சா?"

இங்கே எங்கள் பேச்சில் கார் என்றால் காடிதான். அவள் போன பிறகு அந்தக் காடியும் பிடிவாதம் கூடிப்போனது. ஒரு நாள் பட்டரி செத்திருக்கும். ஒரு நாள் கிளட்ச் கம்பி இறுகும். நான் நடந்ததை எல்லாம் சொல்வேன். அவள் கேள்வி மேல் கேள்வி கேட்பாள். ஒருநாள் என்னால் விளக்க முடியாத ஒரு கிறீச்சொலி. கார் நிறுத்துமிடத்துக்குப் போய், எஞ்சினை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து, கைப்பேசியை அதன் மேலே பிடித்தேன். மெல்பர்னில் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் வலது பக்கம் பிடிங்க. ஆங். பெல்ட்டுதான் அது. போன வருஷம் வந்த அதே சத்தம்லா."

பெல்ட்டுதான். அதற்குப் பிறகு இது வழக்கமாகிவிட்டது. கீழே நிறுத்தியிருக்கும் காருக்கு மேலே கையை நீட்டிக்கொண்டு நான் நிற்பதைப் பார்த்துக் காவலாளி என்ன நினைத்தாரோ. சில நாள் காரை எடுக்க ஒரு காரணமும் இருக்காது. சாயங்காலம் அவளிடம் சொல்ல ஏதாவது வேண்டும் என்பதற்காகவே சூலியா தெருவரை ஓட்டிப்போய், நுரைக்க ஆற்றிய ஒரு தே தாரேக் குடித்துவிட்டு, என்ன சத்தம் வருகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு திரும்புவேன்.

பிறகு ஒரு மழை நாளில், பாயான் பாரு பாசாரில் மீன் வாங்கித் திரும்பும்போது, கார் சாலையின் நடுவில் உயிரை விட்டது. பின்னால் ஹாரன் மேல் ஹாரன். யாரோ இரண்டு பேர் இறங்கித் தள்ளி ஓரத்தில் விட்டார்கள். வாங்கிய மீன் மடியில் இருக்க, இழுவை வண்டி வரும்வரை நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று சாயங்காலம் அதை ஒரு கதைபோல அவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கைப்பேசியை மகள் வாங்கிக்கொண்டாள்.

"அப்பா, போதும்லா. உங்களுக்கு நெஞ்சுவலி கிஞ்சுவலி வந்து அந்தக் காடி நடுரோட்டுல நின்னா யார் பாக்கறது? அம்மாவுக்கு இங்க தூக்கமே இல்ல. நல்ல காடியா ஒண்ணு வாங்குங்க. அம்மாவுக்கும் முதுகுவலி. அங்க வந்தா நிம்மதியா ஏறி இறங்குவாங்க."

மகள் சொன்னதில் எனக்குக் கேட்டது கடைசி வாக்கியம் மட்டும்தான். என் மனைவி வந்தால் ஏறி இறங்க ஒரு நல்ல கார் வேண்டும். இந்த ஓட்டைக் காரை வைத்துக்கொண்டு வா வா என்று எப்படிக் கூப்பிடுவது? கார் வாங்கினால் அவள் வந்துவிடுவாள் என்று என் புத்தி தானாகவே ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டது. யாரும் அப்படிச் சொல்லவில்லை. தனியாக இருப்பவன் தனக்குத் தேவையானதை மட்டும் கேட்டுக்கொள்வான்.

பட்டறைக்காரரிடம் போய், பழையதை விற்கப்போகிறேன் என்று சொன்னபோது, அவர் கண்கலங்குவார் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன். எத்தனை வருடம் அந்தக் காரின் வயிற்றுக்குள் கைவிட்டவர். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "நல்லதுண்ணே," என்றார்.

"என்ன இருந்தாலும் நல்ல காடி," என்றேன்.

"யார் சொன்னா? அது நல்ல காடி இல்லண்ணே. நீங்க பொறுமையான ஆளு, அவ்வளவுதான்."

அவரே புதுக் காரில்தான் வந்துபோகிறார் என்பதை அப்போதுதான் கவனித்தேன். வாசலில் பளபளவென்று நின்றது. "புதுசுல ஒரே ஒரு தொல்லைதான்," என்றார். "முன்னாடி லைட்டு எரியலன்னா பல்ப மாத்துவோம். இப்ப முழுக் கண்ணையும் மாத்தணும். ஆனா எப்பண்ணே கெடுது? கெட்டாதானே மாத்தறதுக்கு." பழைய வண்டிகளை அறுத்து உதிரிபாகம் விற்கும் ஒரு கடைக்குத் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார். மறுநாள் லாரி வந்து காரை ஏற்றிப்போனது. நான் அழவில்லை. இவள்தான் கைப்பேசியில், "போயிடுச்சா?" என்று கேட்டுவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

புதுக் காரைப் பற்றி நான் குறை சொல்லப்போவதில்லை. பொத்தானை அழுத்தினால் ஓடுகிறது. ஓடுகிறதா என்று சந்தேகப்பட்டு மறுபடி அழுத்தினால் நின்றுவிடுகிறது, அவ்வளவு அமைதி. மழை பெய்தால் துடைப்பான் தானாகத் துடைக்கிறது. ஒருநாள் பாலத்தைத் தாண்டிப் பட்டர்வொர்த் போய்த் திரும்பும்போது திரையில் ஒரு கோப்பைப் படத்தைக் காட்டி, களைப்பாக இருக்கிறீர்கள், ஓய்வெடுங்கள் என்றது. அந்த வாரம் என் உடம்பைப் பற்றி என்னிடம் நேரில் விசாரித்தது அது ஒன்றுதான். பானெட்டைத் திறந்து பார்த்தேன். கறுப்பு நிறத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் மூடி இருந்தது. மூடிவிட்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் அவள் கேட்டாள், "காடி ஓடுச்சா?"

"ஓடுச்சு."

"சத்தம் எப்படி இருக்கு, காட்டுங்க."

கீழே போய், எஞ்சினை ஓடவிட்டு, கைப்பேசியைப் பிடித்தேன்.

"ஸ்டார்ட் பண்ணீங்களா இல்லையா?"

"பண்ணியாச்சு."

"ஒண்ணும் கேக்கலையே. நீங்க மூச்சு விடறதுதான் கேக்குது."

சில வாரம் அந்தக் கேள்வியைக் கேட்டாள். ஓடுச்சு, ஓடுச்சு என்று பதில் சொன்னேன். எத்தனை நாளைக்குத்தான் கேட்பாள்? பிறகு சாப்பிட்டீங்களா என்பது முதல் கேள்வியானது. அதற்கும் ஒரு வார்த்தைதான் பதில். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் அழைத்தாள். அப்புறம் வார இறுதிகளில், குழந்தையைத் திரையில் காட்டுவதற்காக. எனக்குக் கோபமில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அவள் மேல் கோபப்பட ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

அவள் வருவதாகச் சொன்னபோது வீட்டுத் திரைச்சீலையை எல்லாம் துவைத்துப் போட்டேன். ஒரு மாதம் இருப்பாள் என்று மகள் சொன்னாள். ஒரு மாதம் என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று மாதம் என்று சொல்லிப் போனவள் எத்தனை காலம் இருந்தாள்? அதே கணக்கு இங்கேயும் நடக்கலாமே.

விமான நிலையத்தில் காரைச் சுற்றி வந்து பார்த்தாள். பின் கதவைத் திறந்து, மூடி, மறுபடி உள்ளே உட்கார்ந்து உள்பக்கமிருந்தும் திறந்து பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அவளுக்கு மூக்கு வேர்த்தது.

"பூஜை போடலையா இதுக்கு?"

"நீ இல்லாம எப்படி?"

"பூஜை போடாத காடியையா இத்தன நாளா ஓட்டிக்கிட்டு இருந்தீங்க?" என்றாள். அதில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்ததாக எனக்குப் பட்டது.

மறுநாள் காலையிலேயே தண்ணீர்மலைப் பக்கம் கோயிலுக்குப் போனோம். ஐயர் கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, ஏறி ஓட்டச் சொன்னார். பானெட்டில் ஒரு சந்தனப் பொட்டு வைத்துவிட்டு அடுத்த காருக்குப் போய்விட்டார். இவளுக்கு அது போதவில்லை. பழைய காருக்கு எப்போதும் இவள்தான் தன் கையால் வைப்பாள். மீதிச் சந்தனத்தைக் கேட்டு வாங்கினாள். முன் கண்ணாடியில் மேலே நடுவில், காரின் நெற்றி என்று அவள் சொல்லும் இடத்தில், விபூதியைக் குழைத்து மூன்று பட்டை அழுத்தமாக இழுத்தாள். பிறகு குனிந்து முன் பம்பரைப் பார்த்தாள். அதில் வரிசையாக நாலு சின்ன வட்டங்கள் இருந்தன.

"பாருங்க, பொட்டு வைக்கவே செஞ்சு வச்சிருக்கான்," என்று ஒவ்வொரு வட்டத்திலும் சந்தனம் அப்பி, அதன் நடுவில் குங்குமம் வைத்தாள். நல்ல கெட்டியான சந்தனம். எனக்கும் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

கோயில் வாசலைத் தாண்டி நெரிசலில் மெதுவாக ஊர்ந்தபோது கார் அலற ஆரம்பித்தது. பீப், பீப், பீப். பிறகு விடாமல் ஒரே பீப். திரையில் மஞ்சள் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. முன்னால் ஏதோ இடிக்கப்போகிறது என்று ஒரு படம் காட்டியது. முன்னால் நல்ல தூரத்தில் ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது, வேறு ஒன்றும் இல்லை.

அவள் கழுத்தைச் சாய்த்தாள்.

"என்னங்க, சத்தம் வருது."

"செவிடனுக்கும் கேக்கும் இது."

"முன்னாடிதான். வலது பக்கம்."

"எல்லாப் பக்கமும்தான் வருது."

"நீங்க ஏதாவது தப்பா அழுத்தியிருப்பீங்க."

"நான் எங்க அழுத்தினேன்? நீ காலை அகட்டி உக்காந்திருக்க, அங்க ஏதாவது பட்டிருக்கும்."

ஓரத்தில் நிறுத்தினோம். பானெட்டைத் திறந்தேன். இருவரும் அந்தக் கறுப்பு மூடியைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் விரலால் அதைத் தட்டிப் பார்த்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், அவள் போனதிலிருந்து நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நேரம் வேறு கிடையாது.

அலறலோடு ஜெலுத்தோங் பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் இவளைப் பார்த்ததும், "அக்கா, எப்ப வந்தீங்க?" என்று கோப்பி சொன்னார். காரை மட்டும் தொட மறுத்துவிட்டார். "உத்தரவாதம் இருக்குண்ணே. நான் கைய வச்சேன்னு தெரிஞ்சா அவனுங்க கழட்டிவிட்டுடுவானுங்க. கம்பெனிக்கே கொண்டு போயிடுங்க." கோப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

கார் நிறுவனத்தின் சர்வீஸ் நிலையம் ஒரு வங்கிபோல இருந்தது. சீருடை போட்ட ஒரு பெண் சாவியை வாங்கிக்கொண்டாள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கார் போனது. இந்தப் பக்கம் குளிரில் நாங்கள் சோபாவில் உட்கார்ந்தோம். அவள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு பேச ஆரம்பித்தாள். அன்று பேசியதுபோல் புதுக் கார் வாங்கிய பிறகு அவள் என்னிடம் பேசியதே இல்லை. அந்த மழை நாளில் மீனைக் கடைசியில் என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். டுரியான் கடைக்காரர் இன்னும் இருக்கிறாரா என்று கேட்டாள். மெல்பர்னில் பகலில் வீடு எப்படி இருக்கும் என்று சொன்னாள். குழந்தை தூங்கிவிட்டால், ஓடுகிற துணி இயந்திரத்தின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வாளாம். ஏதாவது ஒரு சத்தம் வேண்டுமே என்றாள். அவளும் அங்கே தனியாகத்தான் இருந்தாள் என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. அவளைச் சுற்றி ஆட்கள் இருக்கிறார்கள், நான்தான் தனி என்று எல்லா உரிமையையும் நானே எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். காரில் பெரிய கோளாறாக இருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன். பாகம் ஜப்பானிலிருந்து வரவேண்டும், மாதக்கணக்கில் ஆகும், வாரத்துக்கு ஒருமுறை நீங்கள் இருவரும் இங்கே வந்து உட்கார வேண்டும் என்று அவர்கள் சொல்ல வேண்டும்.

அந்தப் பெண் வந்தாள். கையில் ஒரு ஈரத் துணி, அதில் மஞ்சளும் சிவப்பும்.

"அங்கிள், ஒண்ணும் இல்ல. சந்தனம்." சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். "அந்த நாலு வட்டமும் சென்சர் அங்கிள். முன்னாடி எது இருக்குன்னு அதுதான் பாக்கும். நீங்க அதுமேல பொட்டு வச்சதும், ஏதோ மூஞ்சிகிட்டயே நிக்குதுன்னு கத்தியிருக்கு. மேல விபூதி வச்ச எடத்துல கேமரா. தொடச்சிட்டோம். எங்கம்மாவும் இப்படித்தான் பண்ணாங்க. பானெட்டுல வச்சுக்குங்க ஆண்ட்டி, அங்க ஒண்ணும் ஆகாது."

என் முகத்தில் அசடு வழிந்தது. என் மனைவி துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சாமி சந்தனத்தை அந்தத் துணியால் துடைத்துவிட்டார்களே என்று வாய்க்குள் முனகினாள். வீடு திரும்பும்போது கார் ஒரு முனகல் இல்லாமல் ஓடியது. அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மீதி நாட்களில் நாங்கள் தைப்பிங் போனோம். ஈப்போ போனோம். ஓய்வு பெற்றால் போகலாம் என்று பேசி வைத்த இடங்களுக்கு எல்லாம் போனோம். இருக்கை சுகமாக இருந்ததால் அவளுக்கு முதுகு வலிக்கவில்லை, நெடுஞ்சாலையில் தூங்கிவிடுவாள். முழித்திருக்கும்போது என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. முப்பது வருடமாக நாங்கள் காரில் என்ன பேசினோம் என்று யோசித்துப் பார்த்தேன். காரைப் பற்றித்தான் பேசியிருக்கிறோம். இது வருதே, அது ஆடுதே, அன்றே சொன்னேனே, யார் கேட்டது. அது எங்கள் குடித்தனத்தில் பாதி. அது போன பிறகு இரண்டு பேரும் மரியாதையாக உட்கார்ந்திருந்தோம், ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தவர்கள்போல.

கிளம்பும் நாள் வந்தது. பெட்டியை அவள் கட்டியபோதும் நான் கேட்கவில்லை. லிஃப்டில் கேட்கவில்லை. விமான நிலையத்துக்குப் போகும் சாலையில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளைத் தாண்டி ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோதுதான் வார்த்தை வந்தது.

"இங்கேயே இருந்துடேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்துகொண்டாள்.

"குழந்தை என்னைத் தேடும்ங்க," என்றாள். என் கைமேல் கையை வைத்தாள். "ஒண்ணு சொல்றேன், தப்பா நெனக்காதீங்க. முன்ன அங்க இருந்தப்ப எனக்கு மனசே நிக்கல. அந்தக் காடிய வச்சுக்கிட்டு நீங்க எங்க நடுரோட்டுல நிக்கிறீங்களோன்னு தெனமும் அதே நெனப்பு. எப்படா போய்ச் சேருவோம்னு இருக்கும். பொண்ணுகிட்ட ரெண்டு தடவ டிக்கெட்டு போடக்கூட சொல்லிட்டேன். இப்ப அந்தக் கவல இல்ல. நல்ல காடி. இனிமே நான் அங்க நிம்மதியா இருப்பேன்."

விளக்கு பச்சையானது. நான் கவனிக்காததால், முன்னால் இருந்த கார் நகர்ந்துவிட்டது என்று திரையில் ஒரு படம் வந்து எனக்கு ஞாபகப்படுத்தியது. ஓட்டினேன். அவள் டிக்கெட் போடச் சொன்னது எந்த மாதத்தில் என்று கேட்க நினைத்தேன். கேட்டுத் தெரிந்து என்ன ஆகப்போகிறது? அந்தப் பழைய கார் இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்திருந்தால், இல்லை, இன்னும் கொஞ்சம் அடிக்கடி நின்றிருந்தால், அவள் வந்திருப்பாள். அவளை வரவழைக்க நான் வாங்கியது இந்தக் கார்.

பெட்டியை இறக்கி வைத்தேன். மாத்திரையை மறக்காதீங்க என்றாள். நிலையத்தின் கண்ணாடிக் கதவு இரண்டு பக்கமும் தானாகத் திறந்தது, உள்ளே போனாள், திரும்பிப் பார்த்துக் கையசைத்தாள். முகத்தில் உண்மையாகவே ஒரு நிம்மதி இருந்தது, அதை நான் இல்லையென்று சொல்ல முடியாது. திரும்பும் வழியில் நல்ல மழை. துடைப்பான் துடைத்தது, விளக்கு தானாக எரிந்தது, கார் எங்கேயும் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டேன் என்று அவளுக்குச் செய்தி அனுப்பக் கைப்பேசியை எடுத்தேன். பிறகு திரும்ப வைத்துவிட்டேன். நான் வந்து சேர்ந்திருப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.